வழிப் பயணமும் வாய்ப் பதமும்

சோறு ஆக்குவோர் எவரும் பதம் என்னும் சொல்லின் அருமையை அறிவர். உலையிலிருந்து சற்று முந்தி இறக்கினால் நறுக்கரிசி. சற்றுப் பிந்தி இறக்கினால் குழைந்த கூழ். இரண்டிற்கும் இடைப்பட்ட அந்த ஒரு வேளையைக் கண்டுகொள்வதே சமையலின் சூட்சுமம். ஊதுகருவி வாசிப்போருக்கும் இந்த விதி உண்டு. நாதசுவரக் கலைஞர் வாசிக்கத் தொடங்குமுன் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிப் பதப்படுத்துவதை எமது கோயில் வீதிகளிற் காணாதவர் இலர். காய்ந்த சீவாளி பேசாது; அளவு கடந்து ஊறிய சீவாளியும் சொன்னபடி கேளாது.

நாதசுவரத்திற்குச் சீவாளி எப்படியோ, அப்படியே ட்ரம்பெற், கோர்னெற், துரொம்போன் முதலான பித்தளை வாத்தியங்களுக்கு உதடு. இவற்றிலே சீவாளி என்று தனியாக ஒன்று இல்லை. வாசிப்பவரின் இரண்டு உதடுகளுமே சீவாளி. சீவாளி பழுதானால் மற்றொன்றை எடுத்துச் செருகலாம். உதடு பழுதானால் மாற்று உதடு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாது.

ஆகவேதான் பித்தளை வாத்தியக்காரர் மேடை ஏறுமுன் உதட்டையும் மூச்சையும் சிறிது சிறிதாகத் துயிலெழுப்பிப் பதத்திற்குக் கொண்டுவருவர். வீட்டிலோ அரங்கின் பின்னறையிலோ ஆற அமரச் செய்யவேண்டிய காரியம் இது. வழிப் பயணத்திலே, பஸ்வண்டியிலே இதனைச் செய்ய நேர்ந்தால் யாது செய்வது? இந்த வாரம் இதனைப் பற்றியே வாசகர்களோடு உரையாட எண்ணுகிறோம். பாடசாலைப் பாண்ட் வாத்தியக் குழுக்களிற் சேர்ந்திருக்கும் மாணவரும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் சற்றுக் கூர்ந்து படிப்பார்களாக.

உதட்டின் உழைப்பு

பித்தளை வாத்தியத்தில் ஒலி பிறக்கும் வகை விந்தையானது. குழாயினுள் வெறுமனே ஊதினால் காற்றின் இரைச்சலன்றி வேறொன்றும் வாராது. வாசிப்பவர் உதடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, கிண்ணம் போன்ற வாய்முனையில் வைத்து, அவற்றினூடே மூச்சைச் செலுத்துகிறார். உதடுகள் வண்டின் சிறகு போல் அதிர்கின்றன. குழாயிலுள்ள காற்று அந்த அதிர்வை ஏற்று, ஒழுங்குபடுத்தி, புனல் போன்ற மறுமுனை வழியே இசையாக வெளிவிடுகிறது. மேலைநாட்டு இசைக்குழுக்கள் சுருதி சேர்ப்பதற்கு அளவாகக் கொள்ளும் சுரம் செக்கனுக்கு 440 அதிர்வுகளைக் கொண்டது. அந்தச் சுரத்தை ஊதும்போது உதடுகள் ஒரு செக்கனில் 440 முறை திறந்து மூடுகின்றன. அவற்றின் உழைப்பு எத்தகையது என்பதை இதிலிருந்தே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்த உழைப்பைத் தாங்குவது வாயைச் சுற்றி வளையம் போல் அமைந்த தசை. ஓட்டப் பந்தயத்திற்கு நிற்பவன் முதலிற் கால்களை நீட்டி மடக்கி மெல்ல ஓடிப் பார்க்கிறான் அல்லவா? அதே நியாயம் இங்கும் பொருந்தும். மெல்லிய வேலை கொடுக்கத் தசையிற் குருதியோட்டம் பெருகும், விறைப்பு நீங்கும், நுண்ணிய அசைவுகள் கைகூடும். விறைத்த உதட்டோடு மேற்சுரங்களை எட்ட முயல்பவர் வாய்முனையை உதட்டின்மேல் அழுத்துகிறார். அழுத்த அழுத்தக் குருதியோட்டம் தடைப்படுகிறது. தடைப்படவே உதடு மரத்துப் போகிறது. மரத்த உதட்டை இயக்குவதற்காக இன்னும் அழுத்துகிறார். கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதை இது.

உதட்டிற்குப் போலவே வாத்தியத்திற்கும் ஒரு பதம் உண்டு. காற்றில் ஒலி செல்லும் வேகம் வெப்பத்தோடு கூடுவது. 0 பாகை செல்சியசில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 331 மீற்றர். 20 பாகையில் ஏறக்குறைய 343 மீற்றர். ஆகவே குழாயினுள் இருக்கும் காற்றுச் சூடேற வாத்தியத்தின் சுருதியும் மேலேறும். "பித்தளையும் சூட்டில் நீளுமே, குழாய் நீண்டால் சுருதி இறங்க வேண்டுமே" என்று விஞ்ஞானம் படிக்கும் மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ட்ரம்பெற்றின் குழாயை நிமிர்த்தி அளந்தால் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் வரும். வெப்பம் 10 பாகை கூடினால் அக்குழாய் நீள்வது ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு தானும் இல்லை. காற்றினால் விளையும் மாற்றமோ ஓர் அரைச்சுரத்தின் மூன்றிலொரு பங்கை நெருங்கிவிடும். கேட்போர் முகஞ்சுழிப்பதற்கு அதுவே போதும். குளிரூட்டிய பஸ்வண்டியிற் கிடந்த வாத்தியத்தை இறக்கிய கையோடு சுருதி சேர்த்தல் வீண் வேலை என்பது இதனாற் புலப்படும். முதலில் வெதுவெதுப்பான மூச்சு அதன் குழாயெங்கும் ஓடவேண்டும். சுருதி பார்ப்பது அதற்குப் பின்.

ஒரே மாலையிற் பல மேடைகள்

வழிப் பயணமும் வாசிப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு திருநாள் இங்கிலாந்தில் உண்டு. மன்செஸ்ரர் நகருக்குக் கிழக்கே, பெனைன் மலைச்சாரலில், சடில்வேர்த் என்னும் பகுதி இருக்கிறது. அப்பர்மில், டெல்ப், டொப்குறொஸ், கிறீன்பீல்ட் முதலிய கிராமங்கள் அதில் அடங்கும். நெசவாலைத் தொழிலினால் வளர்ந்த ஊர்கள் இவை. பெந்தெகொஸ்தே ஞாயிறு கழிந்து வரும் வெள்ளிக்கிழமையை அங்குள்ளோர் 'விற் வெள்ளி' என்று கொண்டாடுவர். காலையிலே தேவாலயத்தாரும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் கொடிகளைத் தாங்கி ஊர்வலம் போவர். பித்தளை வாத்தியக் குழுக்கள் ஞானப்பாட்டுகளை இசைத்து அவர்களோடு நடக்கும். மாலையிலே போட்டி தொடங்கும். 1884 ஆம் ஆண்டு தொடக்கம் இப்போட்டிகள் நடந்துவந்திருக்கின்றன.

போட்டியின் ஒழுங்கு புதுமையானது. ஒவ்வொரு கிராமமும் தனித்தனியே போட்டி நடத்துகிறது. குழுக்கள் பஸ்வண்டிகளில் ஊர் ஊராகச் செல்கின்றன. ஒரு கிராமத்தை அடைந்ததும் யாவரும் இறங்கி, அணிவகுத்து, தெருவழியே ஓர் அணிநடை இசையை வாசித்துக்கொண்டு நடப்பர். பின்னர் குறித்த இடத்தில் நின்று, போட்டிக்கென்று தெரிந்தெடுத்த மற்றோர் அணிநடையை வாசிப்பர். நடுவர் குழுவைக் காணாதபடி மறைவான ஓர் இடத்தில் அமர்ந்திருப்பார். வாசிப்பது பேர்பெற்ற குழுவா, பள்ளிப் பிள்ளைகளின் குழுவா என்பது அவருக்குத் தெரியாது. காதிற் படுவதே கணக்கு. வாசித்து முடிந்ததும் குழுவினர் மீண்டும் பஸ்வண்டியில் ஏறி அடுத்த கிராமத்திற்கு ஓடுவர். இவ்வாறு பின்னேரந் தொடங்கி இரவு வெகுநேரம் வரை நடக்கும். 1996 ஆம் ஆண்டு வெளிவந்த 'பிறாஸ்ட் ஓவ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இத்திருநாளின் கோலாகலத்தைச் சிறிது கண்டிருப்பர்.

இனி, இவ்வாத்தியக்காரரின் உதடு படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். முதற் கிராமத்தில் வாசித்து உதடு நன்கு சூடேறியிருக்கிறது. அடுத்த ஊர் சில மைல் தூரந்தான். ஆயினும் ஒடுங்கிய மலைப்பாதையிலே முன்னும் பின்னும் பஸ்வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஊரை அடைந்த பின்னும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கிடையிலே உதடு ஆறிவிடுகிறது. பொழுது சாயச் சாய மலைக்காற்றுக் குளிர்ந்து வாத்தியத்தையும் குளிரச் செய்கிறது. பின்பு திடீரென்று, "இறங்குங்கள், எங்கள் முறை வந்துவிட்டது" என்ற குரல். ஆற அமர உதட்டைப் பதப்படுத்த அங்கே அறையுமில்லை, அவகாசமுமில்லை. முதற் சுரமே மறைவிலிருக்கும் நடுவரின் காதில் விழப்போகும் சுரம்.

அதற்காகப் பஸ்வண்டியில் இருந்தபடியே ஓயாது ஊதிக்கொண்டு போகலாமா? போனால், பிற்பகுதிக் கிராமங்களில் உதட்டிற் சீவன் இராது. சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்? குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. இங்கேதான் பதம் அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படுகிறது.

வழியிற் செய்யத்தக்கவை

வழியிற் செய்யத்தக்க காரியங்கள் பல உள. அவற்றுட் பெரும்பாலானவை ஓசையற்றவை. முதலாவது மூச்சு. நிமிர்ந்திருந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை ஆழ இழுத்து, எட்டு எண்ணும்வரை சீராக விடுதல். பயணத்திற் கூனிக் குறுகியிருந்த நெஞ்சு இதனால் விரியும். மேடைப் பயத்தாற் படபடக்கும் உள்ளமும் அடங்கும். இரண்டாவது, களைத்த குதிரை உதட்டைப் படபடவென்று அடிப்பது போல உதடுகளைத் தளர்த்தி மெல்ல அதிரவிடுதல். பக்கத்திலிருப்பவர் சிரிக்கலாம், சிரித்தாற் சிரிக்கட்டும். விறைத்த தசை தளர்வதற்கும், வாசித்துக் களைத்த தசை ஆறுவதற்கும் இதைப்போல எளிய உபாயம் வேறில்லை.

மூன்றாவது, விரலும் மனமும். வாத்தியத்தை மடியில் வைத்து, ஊதாமலே, விரல்களால் மட்டும் பாட்டை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். சுரத்தாளை விரித்து மனத்திற்குள்ளே பாடிப் பார்க்கலாம். பித்தளை வாத்தியத்தில் ஒரே விரலமைப்பிலே பல சுரங்கள் பிறக்கும்; எது வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை உதடும் மூச்சும். வரவேண்டிய சுரத்தை முன்னரே மனத்திற் கேளாதவனுக்கு உதடு வழிகாட்டாது. ஆகவே மௌனமாகப் பாடுதல் பொழுதுபோக்கன்று. வாசிப்பின் பாதி வேலை அதுவே.

நான்காவது, வாய்முனை. குளிர்நாடுகளில் வாத்தியக்காரர் அதனைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வர். உடற்சூட்டில் அது வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்த உலோகம் பட்டு உதடு விறைக்காது. வண்டி ஓரிடத்திற் செவ்வனே தரித்து நிற்கும்போது, வாய்முனையை மட்டும் உதட்டில் வைத்து மெல்லிய ரீங்காரமாகச் சில விநாடி ஊதலாம். அவ்வளவு போதும்.

வண்டியை விட்டு இறங்கிய பின் பத்து நிமிடமாவது கிடைத்தால் அதனை வாத்தியத்தோடு கழிக்கலாம். நடுத்தரமான சுரங்களை நீட்டி, மெல்லிய ஓசையில் ஊதுதல். பின் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு உதட்டினாலேயே வழுக்கிச் செல்லுதல். ஊதிய அளவு நேரம் ஓய்தல். பித்தளை வாத்தியக் குழுக்கள் பல தமது ஒத்திகையை ஒரு ஞானப்பாட்டோடு தொடங்குவது வழக்கம். பக்தி ஒருபுறமிருக்க, அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஞானப்பாட்டு நடை மெதுவானது, சுரங்கள் நீண்டவை, ஒருவரையொருவர் செவிமடுத்துச் சுருதி கலப்பதற்கு ஏற்றது. விற் வெள்ளிக் காலையில் ஊர்வலத்தோடு நடந்து ஞானப்பாட்டு வாசித்த குழுவிற்கு, மாலைப் போட்டிக்கான உதட்டுப் பதம் பாதி அப்போதே வந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

வழியிற் செய்யத்தகாதவை

செய்யத்தகாதவற்றுள் முதன்மையானது, ஓடும் வண்டியில் வாத்தியத்தை வாயில் வைத்து ஊதுவது. சாரதி திடீரெனப் பிறேக் போட்டால், அல்லது சில்லு ஒரு குழியில் இறங்கினால், பற்களுக்கு நேரே நிற்பது உலோகக் குழாய். முன்பல் உடையலாம், உதடு கிழியலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, மேடை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது வாசிப்பு முடிந்துவிடும். பெற்றோரும் ஆசிரியரும் இதிற் சிறிதும் இடங்கொடுத்தலாகாது.

இரண்டாவது, அயலாரின் காது. கிட்ட இருந்து கேட்டால் ட்ரம்பெற்றின் ஒலி 100 டெசிபெலையும் தாண்டக்கூடியது. மூடிய வண்டிக்குள் அதனைச் சகபயணிகள்மேல் ஏவுதல் இசையன்று, இம்சை. ஒலியை அடக்குவதற்கு வாத்தியத்தின் வாயிற் செருகும் 'மியூட்' என்னும் அடைப்புகள் உண்டு. யமஹா நிறுவனம் 1990களில், ஊதுபவரின் காதிற்கு மட்டும் ஒலியைக் கொண்டுசெல்லும் மின்கருவியோடு கூடிய அடைப்பொன்றையும் விற்பனைக்கு விட்டது. விடுதி அறைகளில் இவை பேருதவி. ஆயினும் அடைப்பு மூச்சை எதிர்த்து நிற்கும். அதோடு நெடுநேரம் ஊதிப் பழகிய உதடு, அடைப்பை அகற்றியதும் தடுமாறும். இதிலும் அளவே அழகு.

மூன்றாவது, வழிநெடுகத் தின்பண்டமும் இனிப்புப் பானமும். இவை வாயில் ஒட்டி, மூச்சோடு வாத்தியத்தினுள் புகுந்து, குழாயையும் அடைப்பிதழ்களையும் பிசுபிசுக்கச் செய்யும். தண்ணீரே சிறந்தது, தின்றிருந்தால் வாயை நன்றாகக் கொப்பளித்தல் வேண்டும். வாத்தியத்திலிருந்து சொட்டும் நீர் முழுவதும் எச்சில் என்று எண்ணிச் சிலர் அருவருப்பர். அதிற் பெரும்பகுதி, மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த குழாயிற் பட்டுத் துளியானதே.

விலை பெரிது

இவ்வளவு கவனமும் வேண்டுமா என்று கேட்போருக்கு இரு பெரியோரின் வரலாறு விடை கூறும். அமெரிக்க ஜாஸ் இசையின் முடிசூடா மன்னராக விளங்கிய லூயி ஆம்ஸ்ரோங், ஓயாத பயணங்களும் உச்சச் சுரங்களுமாக உதட்டை வருத்தியவர். 1933 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவரது உதடு பிளந்தது. மறு ஆண்டிற் பல மாதங்கள் பாரிஸ் நகரில் வாத்தியத்தைத் தள்ளிவைத்து ஓய்ந்திருக்க வேண்டியதாயிற்று. வாயைச் சுற்றிய தசை இவ்வாறு கிழிவதை ஆராய்ந்த ஒரு வைத்தியர், 1982 ஆம் ஆண்டு, ஆம்ஸ்ரோங்கின் செல்லப் பெயரால் அந்நோய்க்குச் 'சச்மோ' நோய் என்றே பெயரிட்டார். புகழின் உச்சியிலிருந்தவர் பெயர் ஒரு நோய்க்கும் பெயராகி நிற்பது சிந்திக்கத்தக்கது.

மற்றவர் ஃபிரெடி ஹபார்ட். 1938 இற் பிறந்து 2008 இல் மறைந்த இவர் தம் காலத்து ட்ரம்பெற் வித்துவான்களுள் முன்வரிசையில் நின்றவர். 1992 ஆம் ஆண்டு இவரது மேலுதடு கிழிந்து, பின் அதிற் கிருமியும் தொற்றியது. அதன்பின் பழைய வன்மை இவருக்கு மீளவில்லை. தம்மைப் பேணத் தவறியதையும் அளவு மீறி ஊதியதையும் எடுத்துக்கூறி, தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேரலாகாது என்று இளைய வாத்தியக்காரரை இவர் எச்சரித்து வந்தார். அறுபது எழுபது வயதுவரை வாசிக்கக்கூடிய ஒரு கலையை ஐம்பதை ஒட்டிய வயதிலே தளரவிட நேர்ந்த ஒருவரின் வாக்கு அது. இளையோர் அதனை இலேசாகக் கொள்ளலாகாது.

எமது மாணவருக்கு ஒரு சொல். பயிற்சி வேறு, பதப்படுத்தல் வேறு. பயிற்சி என்பது வீட்டிலே நாள்தோறும் செய்து சேர்க்கும் செல்வம். பதப்படுத்தல் என்பது சேர்த்த செல்வம் இருக்கும் பெட்டியைத் திறப்பது, அவ்வளவே. பெட்டியில் ஒன்றுமில்லாதவன் திறவுகோலை எத்தனை முறை திருப்பினாலும் பயன் என்ன? வாராத பாட்டைப் பஸ்வண்டியில் வரவழைக்க முயன்று ஊதி ஊதிக் களைப்பவன், பரீட்சை மண்டபத்தின் வாசற்படியில் நின்று புத்தகத்தைப் புரட்டுபவனின் உடன்பிறப்பு. இருவரும் உள்ளதையும் இழந்து உள்ளே போகின்றனர். வீட்டில் உழைத்தவனோ வழியில் மௌனமாயிருக்கலாம். மூச்சை அளந்து, உதட்டைத் தளர்த்தி, பாட்டை மனத்திற் கேட்டுக்கொண்டு அவன் போகிறான். மேடைக்குரிய பலத்தை வழியிற் செலவிடாமல் மேடைக்கே கொண்டு சேர்க்கிறான்.

பெற்றோர்களே, விளையாட்டுப் போட்டிக்கோ ஊர்வலத்திற்கோ வாத்தியப் பெட்டியோடு புறப்படும் பிள்ளையிடம் ஒரு போத்தல் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். சற்று முந்திப் புறப்படச் செய்யுங்கள். போய்ச் சேர்ந்தபின் கிடைக்கும் பத்து நிமிட அமைதி, வழியெல்லாம் ஊதிய ஒரு மணி நேரத்திலும் மேலானது.